கோல்விட்ஸ் மரத்தை விட்டுப் போனாரா? வெண்சுவருக்குப் பதில்

உளிமுனை:
நேற்று வேறொரு இழையில் வெண்சுவர் எழுதியதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் எழுதியது இது: "மரச்செதுக்கு என்பது கோடு போட வராதவர்களின் புகலிடம். பட்டை பட்டையாகக் கறுப்பு, கன்னம் ஒட்டிய ஒரு முகம், அவ்வளவுதான், பாட்டாளியின் துயரம் தயார். கேத்தே கோல்விட்ஸே அதில் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டுக் கல்லச்சுக்குத் திரும்பிவிட்டார்."

முதல் பாதி அவருடைய ரசனை. அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஜெர்மானிய ஓவியர் கோல்விட்ஸைப் பற்றிய கடைசி வாக்கியத்தை மட்டும் விட முடியாது. புதியவர்களுக்காக: மரச்செதுக்கு என்றால் பலகையைச் செதுக்கி மை தடவி அச்செடுப்பது, கல்லச்சு என்றால் கல்லில் மெழுகுக் கட்டியால் வரைந்து அச்செடுப்பது.

1919 ஜனவரி 15, பெர்லினில் கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட்டைக் கொன்றார்கள். குடும்பத்தார் கேட்டதால் கோல்விட்ஸ் பிணவறைக்குப் போய் அவரைப் பார்த்து வரைந்தார். அந்தக் கோட்டோவியங்களை வைத்து முதலில் எட்சிங் செய்தார், அதாவது செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்து எடுக்கும் அச்சு. திருப்தி இல்லை. பிறகு கல்லச்சு. அதுவும் சரிவரவில்லை. 1920-இல் ஒரு கண்காட்சியில் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்க்கிறார், ஆடிப்போகிறார். அப்புறம்தான் பலகையை எடுக்கிறார். செம்பு தோற்றது, கல் தோற்றது, மரம் நின்றது. அப்போது அவருக்கு 53 வயது நெருங்கிவிட்டது. அந்த வயதில் புதிதாக ஒரு கருவியைக் கையில் எடுப்பவர் விளையாட்டுக்கா எடுப்பார்?

அந்தப் படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள் வெண்சுவர். கீழே குறுக்காக, வெள்ளைத் துணி போர்த்திய உடல். அதன் மேல் ஒருவர் குனிந்து நிற்கிறார். அவருடைய கை துணியின் மீது இருக்கிறது. உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய கை. வேலை செய்து செய்து தடித்த கை. விரல்களுக்கு இடையில் நாலைந்து வெட்டுகள்தான் இருக்கும். அந்த வெட்டுகளை எட்சிங் ஊசியால் போட்டுக் காட்டுங்கள், அன்றைக்கு நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வெண்சுவர்:
வணக்கம் உளிமுனை ஐயா. நீளமான பாடத்துக்கு நன்றி. லீப்க்னெக்ட் படம் மூன்றாவது முயற்சியில் மரத்துக்கு வந்தது என்பது எனக்கும் தெரியும். நான் கேட்டது அதுவல்ல.

1934 முதல் 1937 வரை 'மரணம்' என்ற தலைப்பில் எட்டு படங்கள் செய்தார். எட்டும் கல்லச்சு. ஒன்றுகூட மரம் இல்லை. கல் தோற்றது என்கிறீர்களே, தோற்றுப்போன கல்லிடம் ஏன் திரும்பிப் போனார்? ஒரே வரியில் சொன்னால் போதும்.

அரும்பு:
எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தக் குழுவுக்குப் புதிது. ஒரு சந்தேகம். வெளிப்பாட்டுவாதம் என்கிறோமே, எதை வைத்து ஒரு மரச்செதுக்கை அப்படிச் சொல்கிறோம்? கோல்விட்ஸ் அந்த இயக்கத்தைச் சேர்ந்தவரா, இல்லையா? இதை முதலில் பேசிக்கொண்டால் என்னைப் போன்றவர்களுக்கும் புரியும்.

உளிமுனை:
வெண்சுவர், ஒரு வரியில் சொல்ல இது பரீட்சை வினாத்தாள் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். 1920-களில் அவர் செய்த கல்லச்சுகளில் பல சுவரொட்டிகள். 'இனி ஒருபோதும் போர் வேண்டாம்' என்று கை உயர்த்தி நிற்கும் இளைஞன், 1924-இல் லைப்சிக் இளைஞர் நாளுக்காகச் செய்தது. கிண்ணத்தை ஏந்தி நிற்கும் பசித்த குழந்தைகள், அதுவும் சுவரொட்டிதான். யாரோ கேட்டார்கள், ஆயிரக்கணக்கில் அச்சடிக்க வேண்டும், நாளைக்கே வேண்டும். அதற்குக் கல்தான் சௌகரியம். தனக்காகச் செய்தபோது? 1922-இல் முடித்த 'போர்' தொடர், ஏழு படங்கள், ஏழும் மரம். 1925-இல் 'பாட்டாளி வர்க்கம்', மூன்று படங்கள், மூன்றும் மரம். வேலையின்மை, பசி, குழந்தைச் சாவு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வெண்சுவர்:
1934.

உளிமுனை:
பொறுங்கள், வருகிறேன். 1933-இல் நாஜிகள் வந்ததும் பிரஷ்ய கலை அகாடமியிலிருந்து அவரை வெளியேற்றினார்கள். 1919-இல் உறுப்பினரானவர், 20-ஆம் நூற்றாண்டில் அந்த அகாடமிக்குள் போன முதல் பெண் அவர். பதவி போனது, அங்கே இருந்த ஓவியக்கூடமும் போனது. 1934-இல் வயது 67. மரம் செதுக்குவது கைமணிக்கட்டைத் தின்னும் வேலை. மரத்தின் ரேகைக்குக் குறுக்கே கத்தியை இழுக்கும்போது தோள்பட்டை வரைக்கும் தெரியும். உட்கார்ந்த இடத்தில் மெழுகுக் கட்டியால் கல்லில் வரைவது வேறு. அந்த வயதில், அந்த நிலைமையில் ஒரு பெண் கல்லை எடுத்தாள் என்றால் அது கருத்து மாற்றம் இல்லை, உடம்பு.

வெண்சுவர்:
அருமை. உடம்பு முடியாத அந்த அம்மையார் அதே ஆண்டுகளில் சிற்பம் செய்துகொண்டிருந்தாரே, அது எந்தக் கையால்? இறந்த மகனை மடியில் வைத்திருக்கும் தாய், 1937-38. களிமண்ணைப் பிசைந்து உருவம் நிறுத்தும் கைக்கு ஒரு பலகையைக் கீற முடியாதா?

உங்களுக்குப் பிடித்த படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பிடிக்காத எட்டுப் படங்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள். 1934-க்கு இன்னும் பதில் வரவில்லை.

செல்வி:
ரெண்டு பேரும் மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உழைக்கிற ஜனங்களின் கஷ்டத்தைச் செதுக்கியவர் என்றால் ஜெர்மனியில் ஒரே ஒரு அம்மாதானா? சித்தப்பிரசாத் என்று ஒருத்தர் இருந்தாரே, அந்தப் பேர் உங்கள் வாயில் வராதா? 1943 வங்கப் பஞ்சத்தில் மேதினிப்பூர் முழுக்கக் கால்நடையாகச் சுற்றி, பசியில் செத்துக்கொண்டிருந்தவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தவர். அந்தப் படங்கள் வந்த சிறு புத்தகத்தைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து கொளுத்தியது. பிறகு பம்பாய்க்குப் போய் 1950-களின் தொடக்கத்தில் குழந்தைத் தொழிலாளிகளைச் செதுக்கினார். படிக்கிற வயதில் சுமை தூக்குகிற, செருப்புத் துடைக்கிற பிள்ளைகள். அதைப் பார்த்துவிட்டு வந்து மரமா கல்லா என்று பேசுங்கள்.

உளிமுனை:
செல்வி, சித்தப்பிரசாத் மீது எனக்கு அளவில்லாத மரியாதை. ஆனால் நீங்கள் சொல்லும் குழந்தைத் தொழிலாளர் படங்கள் லினோ. மரம் இல்லை. இந்த இழை மரத்தைப் பற்றியது.

செல்வி:
அப்படிப் போகிறதா கதை! லினோ என்றால் வாசலோடு நிற்க வேண்டுமா? உங்கள் திண்ணையில் உட்கார மரப்பலகை கொண்டு வந்தால்தான் இடமோ?

உளிமுனை:
கோபப்படாமல் கேளுங்கள். லினோ என்பது ஆளிவிதை எண்ணெயைக் கெட்டிப்படுத்தி, தக்கைத்தூள் கலந்து சணல் துணியில் படிய வைத்தது. தரைக்கு விரிக்க வந்த பொருள். அதில் ரேகை கிடையாது. எந்தப் பக்கம் உளியை ஓட்டினாலும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். மரம் அப்படி விடாது. ரேகையோடு போனால் இழுத்துக்கொண்டு ஓடும், குறுக்கே போனால் முரண்டு பிடிக்கும், ஓரம் பிய்ந்து வரும். அந்தப் பிசிறு அச்சில் விழும். 'பாட்டாளி வர்க்கம்' தொடரில் கடைசிப் படம் பார்த்திருப்பீர்கள். சின்னச் சவப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய். முகம் முழுக்கக் கறுப்பு. அதில் கொஞ்சம் வெள்ளைக் கீறல்கள் மட்டும்தான் கண்குழியையும் கன்னத்து எலும்பையும் காட்டுகின்றன. வெள்ளை என்பது எடுத்தது, கறுப்பு என்பது விட்டது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்தத் தாயின் முகத்தில் எவ்வளவு கொஞ்சமாக எடுத்திருக்கிறார் பாருங்கள். எடுக்கவே மனம் வரவில்லை. அந்தத் தயக்கம் மரத்தில் மட்டும்தான் வரும்.

செல்வி:
லினோவில் எடுத்தால் மட்டும் திரும்ப ஒட்டிக்கொள்ளுமா? எந்த ஊர் நியாயம் இது? அதிலும் வெட்டினது வெட்டினதுதான். நானும் வருடக்கணக்காக லினோ செதுக்குகிறவள். வெட்டு ஒரு இழை ஆழமாகிப் போனால் முழுப் பலகையும் வீண். உங்களுக்கு மட்டும்தான் கை நடுங்கும் என்று நினைப்பு.

மெக்சிகோவில் 1937-இல் லியோபோல்டோ மெண்டெஸும் நண்பர்களும் மக்கள் அச்சுப் பட்டறை தொடங்கினார்கள். அவர்கள் செய்தது பெரும்பாலும் லினோதான். மலிவு, சீக்கிரம் வெட்டலாம், வேலைநிறுத்தம் நாளைக்கு என்றால் இன்றைக்குச் சுவரில் ஒட்டலாம். அவர்களிடம் போய் "உங்கள் லினோவில் ரேகை இல்லை, அதனால் உங்கள் தொழிலாளியின் வலி செல்லாது" என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

உளிமுனை:
செல்லாது என்று நான் எங்கே சொன்னேன்? வேறு என்றேன். மலிவு, சீக்கிரம், நாளைக்கே ஒட்டலாம்: கல்லச்சுச் சுவரொட்டிக்கு நான் சொன்ன காரணமும் இதுதானே. நீங்கள் என் கட்சியில்தான் பேசுகிறீர்கள்.

செல்வி:
உங்கள் கட்சியில் என்னைச் சேர்க்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஓர் ஆள்தான் இருக்கிறார், அவரே போதும்.

நாடோடி:
தோழர்களே, வர்க்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் இத்தனை பதிவு ஓடியிருக்கிறது. கோல்விட்ஸின் கணவர் கார்ல் பெர்லினில் ப்ரென்ஸ்லாவர் பெர்க் தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவர். அவரிடம் வைத்தியத்துக்கு வந்த பெண்களைப் பார்த்துத்தான் இந்த அம்மா வரைந்தார். பசித்தவள் வாசலில் நிற்கிறாள், பசிக்காதவர் உள்ளே இருந்து பார்க்கிறார். இந்த இடைவெளியைப் பேசாமல் மரம், கல், தரைவிரிப்பு என்று பேசுவது எனக்கு வேடிக்கையாக இல்லை, வேதனையாக இருக்கிறது. அந்தப் படம் யார் வீட்டுச் சுவருக்குப் போனது? 'குழந்தைச் சாவு' வாங்கியவள் குழந்தையைப் பறிகொடுத்தவளா?

போன மாதம் இதே கேள்வியை நான் கேட்டபோது என் பதிவு காணாமல் போனது. யார் புகார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். பேர் சொல்லவில்லை.

உளிமுனை:
பேர் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துக் கை காட்ட வேண்டாம் நாடோடி. நான் புகார் கொடுக்கிற ஆள் இல்லை. எனக்குப் பிடிக்காததை இங்கேயே, முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.

உள்ளே இருந்து பார்த்தாராம். 1914 அக்டோபரில் மகன் பீட்டரைப் போரில் பறிகொடுத்தவர் அவர். போன இடம் பெல்ஜியம், பையனுக்கு வயது 18. அப்பா வேண்டாம் என்று தடுத்தபோது, போகட்டும் என்று பேசி அனுமதி வாங்கிக் கொடுத்ததும் இந்தத் தாய்தான். அந்த நெருப்போடு உட்கார்ந்து 'போர்' தொடரைச் செதுக்கினார். அதில் சாவு முரசு கொட்டிக்கொண்டு முன்னே போகிறது, பையன்கள் பின்னால் மயங்கிப் போகிறார்கள். சாவுக்குப் பக்கத்தில் இருக்கிற பையன் பீட்டர். குழந்தையைப் பறிகொடுத்தவளா என்று கேட்டீர்களே. வாங்கியவள் யாரோ தெரியாது, செதுக்கியவள் பறிகொடுத்தவள்.

நாடோடி:
போரில் மகனை இழப்பது வேறு, பசியில் குழந்தையை இழப்பது வேறு தோழர். முதலாவதற்கு நடுகல் வைப்பார்கள். இரண்டாவதற்குப் பதிவேட்டில் ஒரு வரி.

வெண்சுவர்:
உணர்ச்சிப் பிரவாகம் ஓய்ந்திருந்தால் நான் மறுபடி கேட்கலாமா? 1934.

உளிமுனை:
இந்த மனிதருக்கு வேறு எண்ணே தெரியாதா!

வெண்சுவர்:
தெரியும். 1897. நெசவாளர் கிளர்ச்சித் தொடர். 1844-இல் சிலேசியாவில் நெசவாளர்கள் எழுந்ததைப் பற்றிய ஹாப்ட்மானின் நாடகத்தைப் பார்த்துவிட்டு அவர் செய்த ஆறு படங்கள். மூன்று கல்லச்சு, மூன்று எட்சிங். மரம் பூஜ்யம். முதல் படத்தைப் பாருங்கள். இருட்டு அறை, சாகப்போகிற குழந்தை கட்டிலில், தாய் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் தறி. அந்தச் சின்ன அறையில் மனிதருக்கு இடமில்லை, தறிக்கு மட்டும் இடம் இருக்கிறது. உழைப்பாளியின் வறுமையைச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்? அந்தச் சாம்பல் நிறங்கள், ஜன்னல் வழியாக வரும் அந்த அரைகுறை வெளிச்சம், அது உங்கள் பலகையில் வருமா? உங்கள் பலகைக்குத் தெரிந்தது இரண்டே நிறம். வறுமை அப்படிக் கறுப்பு வெள்ளையாக இருப்பதில்லை ஐயா.

1898-இல் பெர்லின் கண்காட்சியில் மூத்த ஓவியர் மென்ட்ஸெல் அதற்குப் பதக்கம் கொடுக்கச் சொன்னார். கைசர் வில்ஹெல்ம் மறுத்தார். ஒரு சக்கரவர்த்தியைப் பயமுறுத்த அவருக்கு மரம் தேவைப்படவில்லை.

உளிமுனை:
நல்லது, நீங்களே வந்து மாட்டிக்கொண்டீர்கள். அந்த ஆறில் மூன்று ஏன் கல்லச்சு தெரியுமா? எட்சிங் அப்போது அவருக்கு ஒழுங்காகக் கைவரவில்லை. முயன்று பார்த்து, தோற்று, அதனால் கல்லுக்குப் போனார். இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆக அவருக்குக் கல் என்பது எப்போதும் வேறு வழி இல்லாதபோது போகிற இடம். 1897-இலும் அப்படித்தான், 1934-இலும் அப்படித்தான். மரம் ஒன்றுதான் அவர் தேடிப் போனது.

வெண்சுவர்:
வேறு வழி இல்லாமல் போய்ச் செய்ததுதான் நெசவாளர் தொடரின் ஆகச் சிறந்த படம் என்றால் கல்லுக்கு நான் இன்னொரு கும்பிடு போடுகிறேன். 1934-க்கு நீங்கள் இதுவரை சொன்னவை: ஒன்று, சுவரொட்டி. அது சுவரொட்டி இல்லை. இரண்டு, உடம்பு. சிற்பம் செய்த உடம்பு. மூன்று, வேறு வழி இல்லை. பலகையும் கத்தியும் கல்லையும் அச்சு இயந்திரத்தையும் விட மலிவு. வேறு வழி இல்லாதவர்தான் மரத்தை எடுப்பார். சீனாவில் அப்படித்தான் எடுத்தார்கள்.

அரும்பு:
சீனாவில் என்ன நடந்தது? யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன். என் முதல் கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

உளிமுனை:
அரும்பு, நல்ல கேள்வி, சொல்கிறேன். 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் எழுத்தாளர் லூ சுன் ஒரு சின்ன மரச்செதுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். சொல்லிக்கொடுத்தவர் ஜப்பானியர், உச்சியாமா ககிச்சி. வந்த மாணவர்கள் பதிமூன்று பேர். லூ சுன் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். அந்த வருடம் பிப்ரவரியில் ரோ ஷி என்ற இளம் எழுத்தாளரை அரசு சுட்டுக் கொன்றிருந்தது. லூ சுனுக்கு நெருங்கியவர். அவர் நினைவாக ஒரு பத்திரிகையில் லூ சுன் போட்ட படம் எது தெரியுமா? கோல்விட்ஸின் 'பலி'. தன் குழந்தையைக் கைகளில் ஏந்திக் கொடுக்கும் தாய். மரச்செதுக்கு. கோல்விட்ஸ் செய்ததில் நூறு கல்லச்சும் எட்சிங்கும் இருந்தன. லூ சுன் மரத்தை எடுத்தார். அங்கிருந்துதான் சீனாவின் புதிய மரச்செதுக்கு இயக்கமே பிடித்துக்கொண்டது. 1935-இல் லி ஹுவா செய்த படத்தைத் தேடிப் பாருங்கள். கண்ணைக் கட்டி, கம்பத்தில் கயிற்றால் பிணைத்த ஒரு மனிதன். உடம்பு முறுக்கிக்கொண்டு கத்துகிறது, கை கீழே கிடக்கும் கத்தியைத் தேடுகிறது. படம் முழுக்க வெறும் கோடு. சாம்பல் நிறம் ஒரு துளி கிடையாது. வெண்சுவர் ஐயா, அந்த மனிதன் கறுப்பு வெள்ளையாகத்தான் இருந்தான்.

வெண்சுவர்:
1936-இல் அதே லூ சுன் கோல்விட்ஸ் படத் தொகுப்பு வெளியிட்டாரே. அதில் நெசவாளர் தொடர் இருக்கிறது, விவசாயிகள் போர் தொடர் இருக்கிறது. எட்சிங்கும் கல்லச்சும். நீங்கள் ஒரு பத்திரிகையின் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள். வசதியான இடத்தில் நிறுத்துவதும் ஒரு செதுக்கல்தான்.

செல்வி:
இந்தியாவுக்கு வரவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறீர்களா ரெண்டு பேரும்? சோம்நாத் ஹோர். 1946 கடைசியில் வங்காளத்து ரங்பூர் போய், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுத் தேபாகா போராட்டத்தில் எழுந்த குத்தகை விவசாயிகளோடு இருந்து, நாட்குறிப்பும் படமுமாக எடுத்துக்கொண்டு வந்தவர். அதைத்தான் பிறகு மரத்தில் செதுக்கினார். உளிமுனை, மரம்தான் வேண்டும் என்றீர்கள். இதோ மரம். இப்போதாவது பேசுங்கள்.

உளிமுனை:
பேசாமல் என்ன? ஹோரின் தேபாகா மரச்செதுக்குகளை நான் அச்சாகவே பார்த்திருக்கிறேன். கூட்டமாக உட்கார்ந்திருக்கும் விவசாயிகளின் முதுகுகளைப் பாருங்கள். குனிந்து வேலை செய்த முதுகு நிமிரப் பார்க்கிறது. ரேகையோடு இழுத்த நீளமான வெட்டுகள், மேலிருந்து கீழே. நான் சொல்வது இதைத்தான். லினோவில் அந்த இழுப்பு வராது.

செல்வி:
எங்கே சுற்றினாலும் லினோவுக்கு ஒரு குத்து வைக்காமல் தூக்கம் வராது உங்களுக்கு.

வெண்சுவர்:
ஹோரின் பெயரை எடுத்ததற்கு நன்றி செல்வி. அவர் 1970-களில் செய்த 'காயங்கள்' தொடர் நினைவிருக்கிறதா? காகிதக் கூழில் அழுத்தி எடுத்த அச்சுகள். வெள்ளை மேல் வெள்ளை. மை இல்லை, கறுப்பு இல்லை, பலகை இல்லை. காகிதமே கிழிபட்டு, தழும்பு ஏறிக் கிடக்கிறது. பஞ்சம், போர், எல்லாவற்றையும் கண்ட மனிதர் கடைசியில் அங்கே போனார். கோல்விட்ஸும் மரத்தை விட்டுப் போனார், ஹோரும் போனார். உளிமுனை மட்டும் போகவில்லை.

உளிமுனை:
ஆமாம், நான் போகவில்லை. போகவும் மாட்டேன். ஒரு கலைக்கூடத்தில் என் அச்சுகளைக் காட்டியபோது அங்கே இருந்தவர் சொன்னார், "இவ்வளவு இருட்டாக இருந்தால் யார் சார் ஹாலில் மாட்டுவார்கள், கொஞ்சம் கலர் போடுங்களேன்" என்று. செங்கல் சூளையில் வேலை செய்கிற பெண்ணின் பாதம், பித்தவெடிப்போடு. அதற்கு என்ன கலர் போடுவது? வெண்சுவர் எழுதியதைப் படித்தபோது அந்த ஆளின் குரல்தான் கேட்டது. கோடு போட வராதவர்களாம். ஃப்ரான்ஸ் மாசரீலுக்குக் கோடு வராதா? 1918-இல் ஒரு தொழிலாளியின் வாழ்க்கையை, பிறப்பிலிருந்து சுட்டுக் கொல்லப்படும் வரைக்கும், ஒரு சொல்கூட இல்லாமல் 25 மரச்செதுக்குகளில் சொன்ன ஆள் அவர். 1925-இல் நகரத்தையே 100 படத்தில் செதுக்கிவைத்தார். தூரிகை பிடிக்கத் தெரியாமலா?

எல்லாவற்றையும் விடுங்கள். லீப்க்னெக்ட் படம். செம்பு, கல், பிறகு மரம். மூன்றாவதில் நின்றது. இதை மட்டும் மறுத்துக் காட்டுங்கள்.

வெண்சுவர்:
நான் எப்போது மறுத்தேன்? நின்றது. பிறகு நகர்ந்தது. 1934.

உங்கள் அச்சுகள் விற்காததற்கு நான் பொறுப்பில்லை. அதைக் கோல்விட்ஸ் தலையில் கட்டுவதும் நியாயமில்லை.

நாடோடி:
செங்கல் சூளைப் பெண்ணின் பாதம் ஹாலில் மாட்டவில்லை என்று ஓவியருக்கு வருத்தம். அந்தப் பெண்ணுக்கு ஹாலே இல்லை. நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன். இந்தப் பதிவும் காணாமல் போகும்.

உளிமுனை:
நாடோடி, அந்தப் பெண்ணிடம் நான் முதல் அச்சைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதை எடுத்தேன். மடித்து வைத்துக்கொண்டார். அதை இங்கே விளக்கிக்கொண்டிருக்க எனக்கு விருப்பம் இல்லை. வர்க்கம் பற்றிப் பேச உங்களிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

வெண்சுவர், விற்பனையைப் பற்றி நான் பேசவில்லை, பார்வையைப் பற்றிப் பேசினேன். இருட்டைக் கண்டால் முகம் சுளிக்கும் பார்வை. உங்களுக்கும் அதுதான்.

அரும்பு:
சித்தப்பிரசாத் படங்களைத் தேடிப் பார்த்தேன். என்னால் லினோவா மரமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பையன் படத்தில் அவன் முதுகில் இருக்கிற மூட்டை அவனை விடப் பெரிசாக இருக்கிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வி:
கேட்டீர்களா உளிமுனை? கண்டுபிடிக்க முடியவில்லையாம். ரேகை, பிசிறு, இழுப்பு என்று நீங்கள் அளந்ததெல்லாம் என்ன ஆயிற்று?

உளிமுனை:
போனில் பார்த்தால் எப்படித் தெரியும்? அச்சைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அரும்பு, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பு நிறைந்த இடங்களில் மை ஒரே சீராக, வழவழவென்று படிந்திருந்தால் லினோ. மெல்லிய வரிகள் ஓடினால் மரம். ரேகை அங்கே தானாக எழுந்து நிற்கும்.

செல்வி:
மழமழவென்று இழைத்த இறுக்கமான மரத்தில் ரேகை விழவே விழாது. அது உங்களுக்கும் தெரியும். பேரி மரத்தில் செதுக்கியவர்கள் எத்தனை பேர்? அவர்களையும் வெளியே அனுப்புவீர்களா?

உளிமுனை:
பேரி மரத்திலும் கத்திக்குத் திசை தெரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும். செதுக்குகிறவருக்குத் தெரிந்தால் போதும், வெட்டு மாறும்.

வெண்சுவர்:
ஆக, பார்ப்பவருக்குத் தெரியாது, செதுக்குபவருக்கு மட்டும் தெரியும். அப்படியானால் உழைப்பாளியின் வலி பார்வையாளருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? பத்து பதிவாக நீங்கள் சொன்னதை நீங்களே கவிழ்த்துவிட்டீர்கள். 1934-க்கும் சேர்த்து இரண்டு பாக்கி.

உளிமுனை:
ஒன்றும் கவிழவில்லை. வெட்டு மாறினால் படம் மாறும், படம் மாறினால் பார்க்கிறவர் மனசு மாறும். ஏன் மாறியது என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. லீப்க்னெக்ட் படத்தின் எட்சிங், கல்லச்சு, மரச்செதுக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாளைக்குத் தனி இழை தொடங்குகிறேன். அந்தக் கையை மட்டும் பெரிதாக்கிப் போடுகிறேன். வந்து சொல்லுங்கள்.

வெண்சுவர்:
வருகிறேன். கூடவே 'மரணம்' தொடரின் எட்டுப் படங்களையும் கொண்டு வருகிறேன்.

செல்வி:
நான் சித்தப்பிரசாத்தைக் கொண்டு வருவேன். லினோ என்று யாராவது ஆரம்பித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

உளிமுனை:
கொண்டு வாருங்கள். ஆனால் தலைப்பு மரம்தான்.